சோலியைக் குறித்துவைக்க எத்தனை செயலி வேண்டும்?

பாளை வக்கீல்:
வேலை மிகுந்தவர்களுக்கு, வேலையை ஒழுங்குபடுத்துகிற செயலியே பெரிய சுமை. டிரெல்லோ, நோஷன், கூகுள் டாஸ்க்ஸ் என்று மாற்றி மாற்றிப் பதிகிற நேரத்தில் ஒரு எதிர்மனுவே தயாராகிவிடும். எங்களுக்கு டைரி போதும். நாளுக்கு ஒரு பக்கம்: முந்தைய வாய்தா, கோர்ட், வழக்கு எண், கட்சிக்காரர், வழக்கின் நிலை, அடுத்த வாய்தா. கோர்ட்டில் தேதி சொன்ன நிமிடமே அதை இன்றைய பக்கத்திலும், வழக்கை அந்தத் தேதியின் பக்கத்திலும் எழுதிவிட வேண்டும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் மூன்றும் ஒரே நாளில் விழுந்தாலும் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

வண்ணார்பேட்டை ஆடிட்டர்:
வக்கீல் சார், டைரியோடு நீங்கள் வள்ளியூர் போய்விட்டால் ஆபீஸில் இருப்பவர் எதைப் பார்ப்பார்? எங்களுக்கு மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்டுவது; 11 ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம்; 20 ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது சுருக்கக் கணக்கும் வரியும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சிறு வியாபாரிக்கு 3பி தமிழ்நாட்டில் 22. மார்ச்சில் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30. 3பி ஒரு நாள் தள்ளினாலும் 50 ரூபாய் தாமதக் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. யாருடைய பில் வந்தது, யாரிடம் ஓடிபி கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டாமா? எல்லோரும் திறக்கிற ஒரே ஷீட், கட்சிக்காரருக்கு ஒரு வரி. நோட்டுப் புத்தகத்தால் இது நடக்காது. உங்கள் கோர்ட்டே மாறிவிட்டதே! நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் வழக்குக்கு உரிய தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா வந்து நிற்கிறது.

பாளை வக்கீல்:
தேதி வருகிறது, மறுக்கவில்லை. சாட்சிக்குப் படி கட்டியாயிற்றா, நகல் மனு போட்டாயிற்றா, கட்சிக்காரர் அசல் பத்திரத்தைக் கொண்டுவரச் சம்மதித்தாரா என்பதை அது சொல்லாது. வாய்தாவுக்கு முன்னால் நான் செய்ய வேண்டியதுதான் என் சோலி. தேதியை மட்டும் காட்டுகிற கருவியை நம்பி உட்கார்ந்தால் அன்று காலையில்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

கங்கைகொண்டான் ஐடி:
அண்ணாச்சிகளே, இருவரும் எங்கே எழுதுவது என்பதிலேயே நிற்கிறீர்கள். எத்தனையை ஒரே நேரத்தில் கையில் எடுப்பது என்பதுதான் கேள்வி. டொயோட்டா ஆலையில் பிறந்த கான்பான் முறையின் உயிரே வரம்புதான்: அடுத்த கட்டத்திலிருந்து 'இன்னும் வேண்டும்' என்கிற அட்டை வராமல் புதிதாக எதையும் செய்யக் கூடாது. மென்பொருள்காரர்கள் பலர் 'செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது' என்று கட்டத்தை மட்டும் போட்டுவிட்டு வரம்பை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் நடுக்கட்டத்தில் வேலை குவிந்து கிடக்கும். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஆய்வில் காட்டினார். கையில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பாளை டாக்டர்:
எப்போது பார்ப்பது என்பதை யாருமே பேசவில்லை. அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சாதாரணத் தாள்தான். ஆனால் மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என்று மூன்று தருணங்களில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தருணம் நிச்சயமாக இருப்பதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. டைரியோ ஷீட்டோ, காலையில் வந்ததும் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை என்று நேரம் வைக்காவிட்டால் இரண்டும் கிடப்பில்தான் கிடக்கும்.

வண்ணார்பேட்டை ஆடிட்டர்:
டாக்டரம்மா சொல்வது சரி. ஐடி தம்பியின் மூன்று கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை. 19-ஆம் தேதி ராத்திரி கட்சிக்காரர் பில்லைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். அதில் பாதி மங்கல். திரும்பக் கேட்டால் பதில் வராது. இப்படிப் பத்துப் பேருடையது பாதியில் நிற்கும்போது மூன்றோடு நிறுத்து என்றால் எப்படி?

கங்கைகொண்டான் ஐடி:
அவை உங்கள் கையில் இல்லையே அண்ணாச்சி, அவர்கள் கையில் இருக்கின்றன. அதற்குக் 'காத்திருப்பு' என்று தனிக் கட்டம் போடுங்கள். வரம்பு, நீங்கள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மட்டும்தான்.

பாளை வக்கீல்:
அந்தக் கட்டம் எனக்கும் பிடித்திருக்கிறது. டைரியின் ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வண்ணார்பேட்டை ஆடிட்டர்:
போடுங்கள் சார். ஆனால் யாரிடம் கேட்டோம், என்றைக்குக் கேட்டோம், மறுபடி என்றைக்குக் கேட்பது என்று மூன்றும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். உங்கள் டைரி ஓரத்தில் அதற்கு இடம் இருக்காது. என் ஷீட்டில் இருக்கிறது.