பிரதமர் திடீரென்று படுத்துவிட்டால் நாட்டை யார் நடத்துவது? 1964 பற்றி ஒரு விவாதம்

நீலமேகம்:
புவனேஸ்வரம் காங்கிரஸ் மாநாட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. 1964 ஜனவரி. மாநாட்டுத் தலைவர் நம் காமராஜர். மாநாட்டுக்கு வந்த இடத்தில் நேருவுக்குப் பக்கவாதம் தாக்கி உடம்பின் இடது பக்கம் பாதிக்கப்பட்டது. அன்று தொடங்கி மே 27-ல் அவர் இறக்கும் வரை ஏறக்குறைய நாலரை மாதம். அந்த நாலரை மாதமும் பெயருக்குப் பிரதமர் நேருதான். அன்றாட வேலையை முதலில் உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தாவும் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் பகிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் அதே ஜனவரி கடைசியில் லால் பகதூர் சாஸ்திரியை இலாகா இல்லாத அமைச்சராகத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மூத்த தலைவர்கள் கட்சி வேலைக்காகப் பதவி விலகும் காமராஜர் திட்டப்படி பதவியை விட்டு வெளியேறி அவருக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆக மூன்று பேர். இவர்தான் தற்காலிகப் பொறுப்பில் இருக்கிறார் என்று யார் பெயருக்கும் ஓர் உத்தரவு கிடையாது.

குடியரசுத் தலைவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்ப்பார் என்று அரசமைப்பின் 65-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 1961-ல் ராஜேந்திர பிரசாத் கடுமையாக நோயுற்றபோது ராதாகிருஷ்ணன் அப்படித்தான் பொறுப்பேற்றார். உண்மையான அதிகாரம் இருக்கும் பிரதமருக்கு மட்டும் அப்படி ஒரு வரி இல்லை. எழுதி வைக்க வேண்டும் என்பது என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

கரிசல்காற்று:
நான் மறுக்கிறேன் சார். அந்த நாலரை மாதத்தில் எது கெட்டுப்போனது? சீனப் போர் முடிந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. காஷ்மீரில் ஹஸ்ரத்பால் தர்காவிலிருந்து நபிகள் நாயகத்தின் புனித முடி காணாமல் போய், திரும்பக் கிடைத்த பிறகும் அது உண்மையானதுதானா என்று மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரியை அனுப்பினார்கள், அவர் போய் உட்கார்ந்து பேசி, மதப் பெரியவர்கள் முன்னிலையில் அதைச் சரிபார்க்க வைத்துப் பிரச்சினையை ஆற்றினார். படுத்திருந்த பிரதமருக்காக யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

மே 27 பிற்பகலில் நேரு இறந்த செய்தி வந்தது, அன்றைக்கே நந்தா பிரதமராகப் பதவியேற்றார். காமராஜர் எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் ஆள் ஆளாகக் கேட்டு, ஜூன் 2-ம் தேதி சாஸ்திரி போட்டியில்லாமல் தேர்வானார், 9-ம் தேதி பதவியேற்றார். நேருவுக்குப் பிறகு இந்தியா சிதறிவிடும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை.

75-வது பிரிவு என்ன சொல்கிறது? அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு. பிரதமர் ராஜா இல்லை, அமைச்சரவையின் தலைவர். அவர் படுத்தால் அடுத்தவர் கூட்டத்தை நடத்துவார். இதற்கு எதற்குத் தனிச் சட்டம்?

நீலமேகம்:
தம்பி, நீங்கள் சொன்னது எல்லாமே நடந்ததுதான். ஆனால் அது காமராஜர் என்கிற மனிதரால் நடந்தது. தனக்கென்று பிரதமர் நாற்காலி கேட்காத ஒருவர் அந்த நேரத்தில் கட்சித் தலைவராக இருந்தது நம் நல்ல காலம். அந்த இடத்தில் பதவி ஆசை பிடித்த ஒருவர் இருந்திருந்தால்?

இன்னொன்றையும் பாருங்கள். மே 22-ம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பில் நேருவிடம் வாரிசைப் பற்றிக் கேட்டார்கள். என் ஆயுள் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடப் போவதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ஐந்தாம் நாள் இறந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, படுத்திருக்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் அந்தக் கேள்வியை நோயாளியின் கையில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்கிறேன்.

செவிலி மலர்:
அரசியல் எனக்கு அரைகுறைதான், ஆனால் நீலமேகம் சார் கடைசியாகச் சொன்னதைப் பற்றி நான் பேசலாம். பக்கவாத நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் பல வருடமாக வேலை செய்கிறேன். மூளையின் வலது பாதி அடிபட்டு இடது கை கால் விழுந்தவர்களில் சிலருக்கு ஒன்று நடக்கும். "ஐயா, இடது கையைத் தூக்குங்க" என்போம். "தூக்கிட்டேனே சிஸ்டர்" என்பார். கை போர்வைமேல் அப்படியே கிடக்கும். போர்வையை விலக்கி அந்தக் கையையே காட்டினாலும் இது என் கை இல்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கை விழுந்துவிட்டது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பேச்சு கணீரென்று இருக்கும், பழைய கதையெல்லாம் சரியாகச் சொல்வார், பார்க்க வந்தவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நேருவுக்கு அப்படி இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் உட்ரோ வில்சனுக்கு 1919 அக்டோபரில் இதே இடது பக்கம்தான் விழுந்தது. மனைவி எடித்தும் மருத்துவர் கிரேசனும் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பதை அந்த அம்மாவே தீர்மானித்தார், துணை அதிபர் மார்ஷலைக் கிட்டவே சேர்க்கவில்லை. 1921 மார்ச் வரை அப்படியே ஓடியது. முதல் உலகப் போருக்குப் பிறகு அவர் அவ்வளவு பாடுபட்ட வெர்சாய் சமாதான ஒப்பந்தம் செனட்டில் தோற்றது. அதற்குப் பிறகும் மூன்றாம் முறை போட்டியிடலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாம். தன்னால் முடிகிறதா இல்லையா என்பதை எல்லா நேரத்திலும் நோயாளியால் சொல்ல முடியாது.

கரிசல்காற்று:
மலர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்து ஒரு நிமிடம் வாயடைத்துப் போனேன். ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நோயாளி சொல்லக் கூடாது என்றால் யார் சொல்வது? மருத்துவர்களா? நாடு தேர்ந்தெடுத்த ஒருவரை நாலு மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டு நாற்காலியிலிருந்து இறக்கலாமா?

அமெரிக்கா 1967-ல் 25-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு வழி இருக்கிறது. அதிபரே எழுதிக் கொடுத்துத் தற்காலிகமாக ஒப்படைப்பது ஒன்று. புஷ் 2002-லும் 2007-லும் குடல் பரிசோதனைக்காகக் கொடுத்தார், பைடன் 2021-ல் கமலா ஹாரிஸிடம் 85 நிமிடம் கொடுத்தார். துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையும் சேர்ந்து, இவரால் முடியவில்லை என்று அறிவிப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது வழியை இன்றுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. 1981-ல் ரீகன் குண்டடி பட்டு அறுவை சிகிச்சையில் இருந்தபோதுகூட எடுக்கவில்லை. அந்தக் கத்தியை எடுத்தால் எங்கே வெட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நம் ஊர் அரசியலில் அப்படி ஒரு கத்தியைச் செய்து வைத்தால் சளி பிடித்தாலே உருவிவிடுவார்கள்.

புதுவாசகன்:
வணக்கம், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கியூபாவை யாரும் சொல்லவில்லையே. 2006 ஜூலை 31 இரவு தொலைக்காட்சியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் செயலர் ஓர் அறிக்கையை வாசித்தார். குடலில் ரத்தப்போக்கு, சிக்கலான அறுவை சிகிச்சை, அதனால் பொறுப்புகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கிறேன் என்று காஸ்ட்ரோவே கையெழுத்திட்டிருந்தார். கட்சி, ராணுவம், அரசு மூன்றும் தம்பி ராவுலுக்கு. பொதுச் சுகாதாரத் திட்டம் பலாகேருக்கு, கல்வி மச்சாதோ வெந்தூராவுக்கும் லாசோவுக்கும், எரிசக்தி கார்லோஸ் லாகேவுக்கு. எந்த வேலை யார் கையில் என்பது அன்று இரவே நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. 1964-ல் நமக்கு இல்லாத தெளிவு இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கரிசல்காற்று:
தம்பி, அந்தத் "தற்காலிகம்" எவ்வளவு நாள் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2008 பிப்ரவரி வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல். கடைசியில் அதுவே நிரந்தரமானது. என்ன நோய், எவ்வளவு தீவிரம் என்று கேட்டால் தலைவரின் உடல்நிலை அரசு ரகசியம் என்றுவிட்டார்கள். அண்ணன் தம்பிக்குக் கொடுத்ததை நமக்கு முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்.

நீலமேகம்:
கியூபா ஆட்சிமுறையை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு திருத்தம். தம்பி என்பதால் மட்டும் ராவுலுக்குப் போகவில்லை. தலைவர் நோயுற்றாலோ இறந்தாலோ முதல் துணைத் தலைவர் பொறுப்பேற்பார் என்று அவர்கள் அரசமைப்பிலேயே இருந்தது, ராவுல் அந்தப் பதவியில் இருந்தார்.

மரபு போதும் என்கிறவர்களுக்கு 1953 பிரிட்டனைச் சொல்கிறேன். ஜூன் 23 இரவு இத்தாலியப் பிரதமருக்குக் கொடுத்த விருந்தில் சர்ச்சிலுக்குப் பக்கவாதம். அடுத்த இடத்தில் இருந்த வெளியுறவு அமைச்சர் ஈடனோ அறுவை சிகிச்சைக்காக பாஸ்டனில் படுத்திருந்தார். அமைச்சரவைக் கூட்டங்களை நிதியமைச்சர் பட்லர் நடத்தினார். பத்திரிகை முதலாளிகளிடம் பேசிச் செய்தியை அமுக்கினார்கள், மக்களுக்குச் சொன்னது ஓய்வு தேவை என்பது மட்டும். அணுகுண்டு வைத்திருந்த ஒரு நாட்டில், பிரதமருக்கு நடக்க முடியவில்லை என்பது ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாது. இதுவும் மரபின்படிதான் நடந்தது.

கரிசல்காற்று:
மறைத்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அதே சர்ச்சில் அக்டோபரில் கட்சி மாநாட்டில் எழுந்து நின்று பேசினார், 1955 ஏப்ரல் வரை பிரதமராக இருந்தார். நீங்கள் கேட்கிற சட்டம் இருந்திருந்தால் ஜூலையிலேயே அவர் கதையை முடித்திருப்பார்கள். மறைக்காமலும் செய்யலாம் என்பதற்கு 2009 இருக்கிறதே? மன்மோகன் சிங்குக்கு ஜனவரி 24-ல் எய்ம்ஸில் இதய பைபாஸ். முன்கூட்டியே சொன்னார்கள். அமைச்சரவைக் கூட்டத்துக்குப் பிரணாப் முகர்ஜி தலைமை என்றார்கள், நிதித் துறையையும் அவரே பார்த்தார். குடியரசு தினத்தில் அமர் ஜவான் ஜோதியில் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி மலர்வளையம் வைத்தார். தற்காலிகப் பிரதமர் என்ற பட்டம் இல்லாமலே எல்லாம் நடந்தது.

செவிலி மலர்:
அது நாள் குறித்துச் செய்த அறுவை சிகிச்சை தம்பி. பெட்டி கட்டிக்கொண்டு வந்து படுக்கிற நோயாளி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வருவார். நடு ராத்திரி ஆம்புலன்சில் வருகிறவர் எதையும் சொல்லிவிட்டு வருவதில்லை. கூட வருகிற மகனுக்கு அப்பாவின் மாத்திரைச் சீட்டு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்பான்.

புதுவாசகன்:
மாநில விஷயம் என்றாலும் நம் எல்லோருக்கும் பக்கத்தில் நடந்தது 2016. செப்டம்பர் 22-ல் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். அக்டோபர் 11-ல்தான் ஆளுநர் 166-வது பிரிவின் கீழ் அவருடைய இலாகாக்களை ஓ.பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார். முதலமைச்சரின் ஆலோசனைப்படி என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அந்த ஆலோசனையை அவர் எப்படிக் கொடுத்தார் என்று அன்றைக்குத் தொடங்கிய கேள்வி வருடக்கணக்கில் ஓடியது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், இரவு பத்து மணிக்கும் விடுதியில் கைபேசியைச் சுற்றி இருபது பேர், அறிக்கையில் என்ன வார்த்தை மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். "தொடர்ந்து சிகிச்சை" என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம். அந்தத் தவிப்பு நாடு முழுக்க வரக் கூடாது.

நீலமேகம்:
நான் சொல்லத் தவித்ததைத் தம்பி சொல்லிவிட்டார். இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1964-ல் நம்மிடம் அணு ஆயுதம் இல்லை. இன்று அதைப் பயன்படுத்த அனுமதி தரும் அரசியல் குழுவுக்குத் தலைவர் பிரதமர், 2003-ல் அறிவித்த ஏற்பாடு அது. நாலரை மாதம் பொறுத்தோமே என்ற கணக்கு இப்போது செல்லாது. நாலு மணி நேரம்கூட அதிகம்.

கரிசல்காற்று:
அதே 2003 அறிவிப்பில், பதிலடிக்கு மாற்றுக் கட்டளை வரிசையும் (உத்தரவிட வேண்டியவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்பது) ஏற்கப்பட்டிருக்கிறது என்று சொன்னார்கள் சார். அந்தப் பெயர்களை வெளியே சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

சரி, இவ்வளவு பேசிய பிறகு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 2020-ல் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனபோது, தேவைப்படும் இடத்தில் வெளியுறவு அமைச்சர் டொமினிக் ராப் பொறுப்பைப் பார்ப்பார் என்று உடனே அறிவித்தார்கள். ராப் பெயர் அதற்கு முன்பே முடிவானது. சட்டம் எதுவும் இல்லை, ஆனால் பெயர் இருந்தது. அந்த மாதிரி, பதவியேற்கும்போதே பிரதமர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். மருத்துவக் குழு, தகுதிச் சான்றிதழ், அமைச்சரவை வாக்கெடுப்பு, இதெல்லாம் கூடாது.

நீலமேகம்:
மருத்துவக் குழுவை நானும் கேட்கவில்லை. பெயர் போதும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் எப்போது வேலைக்கு வரும் என்று யார் முடிவு செய்வது? மலர் அம்மா சொன்ன போர்வைமேல் கிடந்த கையை நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

செவிலி மலர்:
எங்கள் வார்டில் இருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். நினைவு தப்பிய நேரத்தையும் மீண்ட நேரத்தையும் எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து இன்னொரு முறை பார்த்து எழுதுவார். என்ன செய்வது என்று நாங்கள் முடிவு செய்வதில்லை, கண்டதை எழுதுவதோடு சரி. பிரதமருக்கும் அந்த அளவு போதும் என்று நினைக்கிறேன். நினைவு இருக்கிறதா, பேசுகிறாரா, இத்தனை மணி. அதை நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

கரிசல்காற்று:
நாடாளுமன்றத்துக்கு என்றால் சரி அக்கா. அங்கே போகிற வரைக்கும் என்னால் வர முடியும். அதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் எதிர்ப்பேன்.

நீலமேகம்:
அந்தப் பெயரை மூடிய உறையில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், உறை கூடாது. பதவியேற்பு அன்றே அரசிதழில் வர வேண்டும்.

கரிசல்காற்று:
அரசிதழில்தான். அதில் சண்டை இல்லை.