ஷானன் கவுண்டியின் பெயரை மாற்றியது சரியா?

சுவடிக்காரன்:
அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் முழுவதும் அடங்கியிருக்கும் ஷானன் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 2015 மே 1 முதல் ஓக்லாலா லகோட்டா கவுண்டி ஆகிவிட்டது. இந்த மாற்றம் தேவையற்றது என்றே நான் கருதுகிறேன். ஒரு பெயர் நூறாண்டுக்கு மேல் புழங்கிவிட்டால், அது யாருடைய புகழுக்காக வைக்கப்பட்டது என்பதைத் தாண்டி, ஆவணங்களைக் கோக்கும் நூலாகிவிடுகிறது. அந்நாட்டு மக்கள்தொகை அட்டவணைகளோடு நாள்தோறும் வேலை செய்பவன் நான். பெயரோடு கவுண்டியின் குறியீட்டு எண்ணும் 46113-இலிருந்து 46102 ஆக மாறியதால், பழைய எண்ணைக் கொண்டு தேடுபவருக்கு வரிசை நடுவில் அறுந்துவிடுகிறது. நாட்டின் மிக வறிய கவுண்டிகளுள் ஒன்றான அதன் வறுமையோ பெயரால் தீரவில்லை.

தென்றல்:
ஐயா, அந்தப் பெயருக்குரியவர் யார் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பீட்டர் ஷானன் டகோட்டா பிரதேசத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அங்கு வாழும் பழங்குடியினரான லகோட்டா மக்களை, அவர்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கச் செய்வதற்காக 1882-இல் அனுப்பப்பட்ட மூவர் குழுவில் அவரும் ஒருவர். 1868-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டால்தான் நிலம் கைமாற முடியும். அக்குழு திரட்டிய கையொப்பங்கள் அந்த அளவை எட்டவேயில்லை. தங்கள் நிலத்தைப் பறிக்க வந்தவரின் பெயரையே தங்கள் முகவரியாகத் தலைமுறை தலைமுறையாக எழுத வேண்டியிருந்தவர்களிடம் ஆவணத்தின் தொடர்ச்சியைப் பற்றி எப்படிப் பேசுவது? 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது 2,161 பேர் மாற்றத்தை ஆதரித்தார்கள், 526 பேர் எதிர்த்தார்கள். ஐந்தில் நான்கு பேர் கேட்டதை வெளியிலிருக்கும் நாம் தேவையற்றது என்று சொல்லக்கூடாது.

சுவடிக்காரன்:
வாக்கை நான் மறுக்கவில்லை, அம்மா. ஷானன் என்ற பெயர் இருந்திருந்தால், 1882-இல் நடந்ததை அதுவே காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும் அல்லவா? பெயரை எடுத்துவிட்டால் சாட்சியும் போய்விடுகிறது.

தென்றல்:
நானே ஒன்று சொல்கிறேன். இந்தப் பெயர் மாற்றச் செய்தியைப் படிக்கும்வரை ஷானன் யார் என்று எனக்குத் தெரியாது. வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்தும் தேடத் தோன்றவில்லை. சாட்சியாக நின்றதாக நீங்கள் சொல்லும் பெயர் என்னிடம் வாயே திறக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று அம்மக்கள் எழுந்தபோதுதான் அந்த மூவர் குழுவின் கதை எனக்குத் தெரிய வந்தது. 1890-இல் பெண்களும் குழந்தைகளும் உட்பட லகோட்டா மக்கள் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்ட ‘வூண்டட் நீ’ என்ற இடம் இதே கவுண்டிக்குள்தான் இருக்கிறது. அந்த இடத்தின் சாட்சி அங்குள்ள கல்லறையில் இருக்கிறது, ஒரு நீதிபதியின் பெயரில் இல்லை.

ஆற்றங்கரை:
இருவரும் தொடாத ஒன்று. இந்தக் கவுண்டிக்குத் தனித் தலைநகர் கிடையாது. அடுத்துள்ள ஃபால் ரிவர் கவுண்டியின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்தே அதன் நிர்வாக வேலைகள் நடந்துவந்திருக்கின்றன. பெயரைத் தாங்களே தேர்ந்தவர்களுக்கு அலுவலகமும் உள்ளூரிலேயே வேண்டும் என்பதுதான் அடுத்துப் பேச வேண்டியது.

சுவடிக்காரன்:
அதில் எனக்கு மாறுபாடு இல்லை. கல்லறையைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். ஆயினும், பழைய எண்ணைத் தேடுபவரைப் புதிய எண்ணுக்கு அழைத்துச் செல்லும் ஒரு வரி ஒவ்வோர் அட்டவணையிலும் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.