மாத்திரை போட்டும் வெட்டை திரும்புகிறது: ஜீனோம் பார்த்தால் காரணம் தெரியுமா?

வலங்கைமான் லேப்காரன்:

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன லேபில் 14 வருடமாக டெக்னீஷியன். சுகர், யூரின், டெங்கு இதுதான் தினப்படி. கல்ச்சர் வைப்பது, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, எனக்குப் பிடித்த வேலை, முதலாளிக்குப் பிடிக்காத செலவு.

மார்கழிக் கடைசியில், அறுப்பு மிஷினோடு வெளியூரிலிருந்து வந்த டிரைவர் ஒருவருக்குச் சீழ் பரிசோதனை வந்தது. (ஆள் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கிராம் ஸ்டெயினில் (சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) சந்தேகமே இல்லை, வெட்டைதான், இங்கிலீஷில் கொனோரியா என்கிற பால்வினை நோய். சீழ் செல்லுக்குள்ளே இளஞ்சிவப்பாக, காப்பிக்கொட்டையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்தது போல. டாக்டர் அஸித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளையாகக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியின் சாம்பல் நிறக் கிட்டிலும் இதே ஜோடிதான்.

இரண்டு வாரம் கழித்து மனுஷன் திரும்ப வந்து நிற்கிறார். அதே சீழ், அதே எரிச்சல். இந்தத் தடவை டாக்டர் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார், சரியாகிவிட்டது. ஊசிக்கு முன்னால் நான் சீழைச் சாக்லேட் அகரில் (கிருமி வளர்க்கும் ஊட்டப் பிளேட்) தேய்த்து, ஊறுகாய் ஜாடியில் மெழுகுவர்த்தி ஏற்றி மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பனித்துளி மாதிரி காலனி. ஆக்ஸிடேஸ் சோதனையில் ஊதா, இந்தக் கிருமிக்கு உரிய நிறம். மருந்து தோய்ந்த டிஸ்க் வைத்ததில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கிருமி வளராத வளையமே இல்லை. செஃபிக்சிமுக்கு 33 மி.மீ. 31 இருந்தாலே மருந்து கேட்கும் என்றுதான் அட்டவணை சொல்கிறது. அப்புறம் ஏன் கேட்கவில்லை?

திருச்சியில் ஒரு கல்லூரியில் இருக்கும் நண்பர், கிருமியைக் கொடு, ஜீனோம் (அதன் மொத்த டிஎன்ஏ எழுத்து வரிசை) முழுக்கப் படித்துத் தருகிறேன் என்கிறார். முதல் தடவை கல்ச்சர் வைக்கவில்லை, ஸ்லைடு மட்டும்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன தெரியும்?

மன்னை மைக்ரோ:

சார், முதலில் ஒரு கேள்வி. டிஸ்க்கையும் சாக்லேட் அகரிலேயே வைத்தீர்களா? அந்த 31 என்கிற கணக்கு ஜிசி அகர் என்கிற வேறு மீடியத்துக்கு உரியது. சாக்லேட் அகரில் வந்த 33-ஐ நம்பி எதுவும் சொல்ல முடியாது. எவ்வளவு மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் ஈ-டெஸ்ட் பட்டை வைத்துப் பாருங்கள்.

ஜீனோம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமிக்கு மொத்தம் சுமார் 22 லட்சம் எழுத்து. மருந்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு கல்ச்சர் இருந்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். இரண்டு வாரத்தில் எழுத்து மாறுவது அபூர்வம். எனவே நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் வேறு ஆளிடமிருந்து வந்த புதுக் கிருமி, மருந்தின் மேல் பழி இல்லை. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அந்த ஒப்பீடு போயிற்று. ஸ்லைடை நம்பி இறங்காதீர்கள்.

ஆனால் இருக்கும் ஒன்றும் வீண் இல்லை. பென்-ஏ ஜீனைப் பாருங்கள். செஃபிக்சிம் போய் ஒட்டுகிற புரதம் அதிலிருந்துதான் வருகிறது. தொண்டையில் சும்மா குடியிருக்கும் நைசீரியா வகைகளிடமிருந்து (வெட்டைக் கிருமியின் சொந்தக்காரர்கள்) துண்டு துண்டாக டிஎன்ஏ வாங்கி ஒட்டுப்போட்ட பென்-ஏ இருந்தால், மருந்து பிடிமானம் இல்லாமல் வழுக்கிவிடும். 2009-ல் கியோட்டோவில், செஃப்ட்ரியாக்சோனையே பெரிய அளவில் தாங்கிய முதல் கிருமியை எடுத்ததும் தொண்டையிலிருந்துதான். அஸித்ரோமைசினுக்கு, அந்த மருந்து போய் ஒட்டுகிற 23எஸ் ஆர்ஆர்என்ஏ-வின் ஜீனைப் பாருங்கள். அது ஜீனோமில் நான்கு பிரதி இருக்கும். சின்னத் துண்டுகளாகப் படிக்கும் மிஷினில் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று விழும், எத்தனை பங்கில் மாற்றம் என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு ஜீனும் சுத்தமாக இருந்தால், கிருமி மருந்தை ஜெயித்தது என்று சொல்வது கஷ்டம்.

அவசரம்: காலனியைக் கிளிசராலில் போட்டு மைனஸ் 80-க்கு அனுப்புங்கள். இது ரோஷக்காரக் கிருமி, பிளேட்டிலேயே இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும்.

அம்மாபேட்டை அரிசிக்காரர்:

ஊசி போட்டு ஆள் சரியாகிவிட்டார். இனி ஜீனோம் யாருக்கு?

மன்னை மைக்ரோ:

அடுத்து வருகிறவருக்கு. அவருக்கும் அதே மாத்திரைதானே போகப்போகிறது?

திருவாரூர் கவுன்சிலர் அக்கா:

தம்பி, நான் ஒன்பது வருடம் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இருந்தவள். ஜீன் எனக்குத் தெரியாது, ஆட்களைத் தெரியும். மிஷினுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த டிரைவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா? மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாரா? வெறும் வயிற்றில் அஸித்ரோமைசின் போட்டுவிட்டுக் குமட்டி வெளியே தள்ளியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் வழி உறவு உண்டா? தொண்டையில் இருந்தால் மருந்துக்கு லேசில் கட்டுப்படாது. வீட்டுக்காரம்மாவுக்கு மருந்து கொடுத்தீர்களா?

இன்னொன்று. கூட இருப்பவர் மருந்து எடுக்கவில்லை என்றால் அதே கிருமிதான் அவரிடமிருந்து இவருக்குத் திரும்பி வரும். அப்போது முன் பின் இரண்டு கல்ச்சர் இருந்தாலும் ஒன்றாகத்தானே தெரியும், மன்னை தம்பி?

மன்னை மைக்ரோ:

சரிதான் அக்கா. அந்த இடத்தில் ஜீனோம் வாயடைத்து நிற்கும்.

வலங்கைமான் லேப்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிஸ்க் சாக்லேட் அகரில்தான் வைத்தேன், தப்பு என்னுடையது.

டாக்டரிடம் சொல்லி, டிரைவருக்குப் போன் போட்டோம். வாந்தி இல்லையாம். மாத்திரை போட்ட ஐந்தாம் நாள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். ஏழு நாள் ஒதுங்கி இருக்கச் சொல்லியிருந்தது. “பொங்கலுக்குப் போய்ட்டு எப்படி சார்...” என்று இழுத்தார். வீட்டம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம், அதனால் எதுவும் சொல்லவில்லை. பெண்களுக்குப் பல பேருக்கு அறிகுறியே இருக்காது என்பதை டாக்டர் அவருக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். கரி கலந்த ஸ்வாப் வாங்கி வைத்திருக்கிறேன், ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. ஜாடியிலிருந்த காலனியில் பாதிக்கு மேல் செத்துவிட்டது. மிச்சத்தைப் புதுப் பிளேட்டுக்கு மாற்றி, கிளிசராலிலும் போட்டு, நேற்று இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு நானே திருச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ் செலவைக் கணக்கில் எழுதலாமா என்று முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை.