கன்சோல் கேட்கும் கேள்விக்கு இன்னொரு புரோகிராம் பதில் சொல்லலாமா?

பீன்யா_பட்டறை:
பெங்களூரு பீன்யாவில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. மெஷினோடு வந்த பழைய லினக்ஸ் புரோகிராம் ஒவ்வொரு போர்டுக்கும் 'கன்டின்யூ?' என்று கேட்டுவிட்டு நிற்கும். ஆள் உட்கார்ந்து ஒய் தட்ட வேண்டும். பைத்தானில் சப்பிராசஸ் (இன்னொரு புரோகிராமை ஓட்டும் வசதி) மூலம் அதை ஓட்டி, ரீட்லைன் (வரி வரியாகப் படிப்பது) வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை, என் பைத்தான் கோடும் அந்தப் புரோகிராமும் அப்படியே நிற்கின்றன. கையால் ஓட்டினால் சரியாக வருகிறது. சோர்ஸ் கோடு எங்களிடம் இல்லை.

மடிவாளா_மணி:
இரண்டு இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். டெர்மினலுக்கு, அதாவது ஆள் பார்க்கும் கட்டளைத் திரைக்கு, எழுதும்போது புரோகிராமின் எழுத்துகளை அனுப்பும் சி நூலகம் வரிக்கு வரி வெளியே விடும், பதில் வாங்கப் போகும் முன்பும் விடும். இன்னொரு புரோகிராமுக்குப் போகும் பைப் என்று தெரிந்தால் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு இடம்) நிறையும்வரை, லினக்ஸில் பெரும்பாலும் 4096 பைட், பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் கேள்வி அதற்குள்தான் கிடக்கிறது. அப்புறம், 'கன்டின்யூ?' முடிந்ததும் புது வரி வருவதில்லை. ரீட்லைன் அதற்காகவே காத்திருக்கும். பெக்ஸ்பெக்ட் என்ற பைத்தான் நூலகம் போடுங்கள், அது போலி டெர்மினல் திறந்து ஓட்டும், புரோகிராமுக்கு நிஜ டெர்மினல் போலவே தெரியும். டான் லைப்ஸ் 1990-இல் அதன் முன்னோடியான எக்ஸ்பெக்ட் எழுதியதே இந்த மாதிரி வேலைக்குத்தான்.

அல்சூர்_வாசி:
ஓடும், ஆனால் செய்யாதீர்கள். திரையில் வருவது மனிதர் படிக்க எழுதியது. நாளை அந்தப் புரோகிராம் ஃபெயில் ஆன போர்டைக் காட்டி 'ஓவர்ரைடு?' (ஃபெயிலை மீறி ஏற்கலாமா) என்று கேட்கும். கேள்விக்குறியைக் கண்டதும் ஒய் அனுப்பினால் கெட்ட போர்டு பெட்டிக்குள் போய்விடும். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே தவறால் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. கேள்வி கேட்காமல் ஓட ஆப்ஷன் இருக்கிறதா என்று மெஷின் விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.

மடிவாளா_மணி:
ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் எஞ்சின்கள் (நகர்வு கணக்கிடும் புரோகிராம்கள்) யுசிஐ என்ற பொது முறையில் கன்சோல் வழியாகத்தானே பேசுகின்றன? பலகையைத் திரையில் காட்டும் புரோகிராம் 'கோ' என்று அனுப்பும், எஞ்சின் 'பெஸ்ட்மூவ்' என்று பதில் தரும். 2000-இலிருந்து நடக்கிறது.

அல்சூர்_வாசி:
நான் சொல்வதும் அதுதான் மணி. யுசிஐயில் எந்தச் சொல் வரும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே யார் யாரிடம் ஒத்துக்கொண்டார்கள்?

மடிவாளா_மணி:
அது சரி. ஆனால் சோர்ஸ் இல்லாதவருக்கு வேறு வழி சொல்லுங்கள். தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில், மற்றதற்கு நிற்கட்டும்.

பீன்யா_பட்டறை:
விற்றவரிடம் கேட்டேன், அப்படி ஆப்ஷன் இல்லையாம். அதனால் மணி சொன்ன வழி, அல்சூர் நண்பர் சொன்ன எச்சரிக்கையோடு. பெக்ஸ்பெக்ட் தேடலில் கேள்விக்குறிக்கு வேறு பொருள் என்பதால் எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும் எக்ஸ்பெக்ட்_எக்ஸாக்ட் போட்டேன். அதன் வழக்கமான காத்திருப்பு 30 நொடி, எங்கள் போர்டுக்கு 45 ஆகிறது, கூட்டிவிட்டேன். நாம் அனுப்பும் ஒய்யும் திரும்பி வருகிறது, எக்கோவை நிறுத்தினேன்.
தெரியாத கேள்வி வந்தால் பதில் அனுப்பாமல் நிற்கிறது. இன்று காலை இரண்டு முறை நின்றது, இரண்டுமே 'ஓவர்ரைடு?'. அந்தப் போர்டுகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.