கொசப்பேட்டை வீடு: ஹால் போகாமல் மாடிப்படியை உள்ளே கொண்டுவருவது எப்படி?

கேள்வி (கொசப்பேட்டை)
வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர் உள்ள பழைய வீடு, கான்கிரீட் தளம். ஹால் 11 அடிக்கு 18 அடி, கீழ்த் தரையிலிருந்து மாடித் தரை பத்தரை அடி. இப்போது மாடிக்குப் போக பின்பக்கம் செங்குத்தான இரும்புப் படிதான், மழையில் அம்மா அதில் இறங்குவதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. புதுப்பிக்கும்போதே படியை உள்ளே வைத்துவிட நினைக்கிறோம். மேஸ்திரி, சுருள் படி போட்டால் 5 அடி வட்டத்தில் வேலை முடிந்தது என்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, மாடிக்கு பீரோ, கட்டில் வேறு ஏறவேண்டும். என்ன செய்யலாம்?

பதில் (காட்பாடி)
சுருள் படி வேண்டாம் சார். 5 அடி வட்டத்தில் நடுக்கம்பம் போக இரண்டேகால் அடிதான் நடக்கக் கிடைக்கும், அதிலும் கம்பத்தை ஒட்டிக் கால் வைக்க முடியாது, முட்டி வலிக்காரருக்கு இறங்கும்போதுதான் கஷ்டமே. பீரோவை மறந்துவிடுங்கள். உங்கள் உயரத்துக்கு 7 இன்ச் வீதம் 18 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம்), 17 மிதி (கால் வைக்கும் இடம்) வரும். மிதி 10 இன்ச் வைத்து நேராகப் போட்டால் 14 அடி 2 இன்ச், ஹால் போச்சு. அதனால் ட வடிவம்தான் சரி: பின்சுவரை ஒட்டி 4 படி, மூலையில் லேண்டிங்குக்கு (படி திரும்பும் இடத்தில் விடும் சமதளம்) பதில் 3 முக்கோணப் படி, அப்புறம் பக்கச்சுவரில் 10 படி. 3 அடி அகலத்துக்கு பக்கச்சுவரில் 11 அடி 4 இன்ச் போதும். உயரமான பகுதிக்குக் கீழே ஃபிரிட்ஜ் நிற்கும்.

பதில் (ராணிப்பேட்டை)
ட வடிவம் சரிதான், ஆனால் அந்த முக்கோணப் படியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உள்பக்கம் குறுகிப்போகும், வயதானவர்கள் தடுமாறுவதே அந்த இடத்தில்தான். மூலையில் 3 அடிக்கு 3 அடி சமமான லேண்டிங் விடுங்கள், பக்கச்சுவரில் 10 படி 12 ஆகி, 20 இன்ச் கூடி 13 அடி ஆகும், 18 அடிச் சுவர் அதைத் தாங்கும். அம்மாவும் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள், பீரோவும் அங்கே திரும்பும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. லேண்டிங் தாண்டியதும் 12 படிக்கும் மேலே தளம் திறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் தலைக்கு 7 அடி உயரம் கிடைக்காது. அதாவது மாடி அறையிலும் 10 அடிக்கு 3 அடி போகிறது. 11 அடி அகல ஹாலில் முக்கியக் கம்பிகள் பெரும்பாலும் குறுக்கே ஓடி அதே பக்கச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும், வெட்டினால் அந்தப் பக்கம் தளத்துக்குப் பிடிமானம் இல்லை. வெட்டும் ஓரத்தில் பீம் கொடுத்த பிறகுதான் கை வைக்கவேண்டும். இன்ஜினியர் பார்க்காமல் மேஸ்திரி பேச்சில் இறங்கவே இறங்காதீர்கள்.

பதில் (சத்துவாச்சாரி)
சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் படி வெளியே இருப்பதே நல்லது. பின்பக்கம் இடம் இருந்தால் அந்த இரும்புப் படியை எடுத்துவிட்டு சாய்வாகக் கான்கிரீட்டில் கட்டுங்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் இரும்புத் தகட்டில் வெறுங்காலை வைக்கமுடியாது.

கேள்வி கேட்டவர்
வாடகைக்கு விடவில்லை சார், தம்பி குடும்பம்தான் மேலே. லேண்டிங் வைத்த ட வடிவமே போடுகிறோம். தளத்தை வெட்டுவதற்கு முன் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.