மன்னிப்புப் பெற்றவன் மறுபடி மன்னிப்புக் கேட்கணுமா?

கிருபைபோதும்:
ராத்திரி ராத்திரி "ஆண்டவரே மன்னியும்"னு அழுறவங்களுக்குச் சொல்றேன், அது பக்தி இல்லை, அவிசுவாசம். எபிரெயர் 10:14 என்ன சொல்லுது? ஒரே பலியினாலே என்றென்றைக்கும் பூரணப்படுத்தியாச்சு. உடனே 'பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிப்பார்'ங்கிற 1 யோவான் 1:9ஐத் தூக்கிட்டு வராதீங்க. அது விசுவாசிக்கு எழுதினதே இல்லை. தனக்குப் பாவமே இல்லைன்னு சொல்லித் திரிஞ்ச நாஸ்டிக் கூட்டத்துக்கு, அதாவது ரகசிய ஞானத்தாலதான் ரட்சிப்புன்னு நம்பினவங்களுக்கு எழுதினது.

பெரோயன்:
வந்துட்டார்யா. ரெண்டே வசனம் தள்ளி வாசிக்கப் பொறுமையில்லை. 2:1ல் "என் பிள்ளைகளே" என்கிறார். ஒருவன் பாவஞ்செய்தால் பிதாவிடம் பரிந்துபேச இயேசு "நமக்காக" இருக்கிறார் என்கிறார். நாஸ்டிக்குக்கா பரிந்துபேசுகிறார்? 2:12ல் உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்கிறதினால் எழுதுகிறேன் என்றே இருக்கிறது. மன்னிக்கப்பட்டவனுக்குத்தான் 1:9.

கிருபைபோதும்:
பிரதர், 2:1 ரெண்டாம் அதிகாரம். நான் முதல் அதிகாரத்தைப் பேசுறேன். 1:3ல் "நீங்களும் எங்களோடே ஐக்கியமுள்ளவர்களாகும்படி" அறிவிக்கிறோம்னு இருக்கு. ஏற்கெனவே ஐக்கியத்துல இருக்கிறவனுக்கு இதை எதுக்குச் சொல்லணும்? மன்னிப்பு வேணும்னா பாவ அறிக்கை செய்னு பவுல் எந்தச் சபைக்காவது எழுதினாரா?

பெரோயன்:
அதிகாரம் பிரித்தது யோவானா? 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் பிரித்தது. வசன எண் ராபர்ட் எஸ்தியேன் 1551ல் போட்டது. முதலில் வாசித்த சபைக்கு அது ஒரே கடிதம். பவுல் எழுதாததெல்லாம் வேதமில்லையா? யோவான் 13:10 பாருங்கள்: முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும். முழுக்கு ஒருதரம், கால் கழுவுவது நடக்கிற வரைக்கும். 2:12க்குப் பதில் எங்கே?

பழையகோவில்:
1551 என்றதும் ஒரு வார்த்தை. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து சங்கம் ஒப்புரவு (பாவமன்னிப்புப் பெறும் திருவருட்சாதனம்) பற்றித் தீர்மானம் போட்டதும் அதே வருடம்தான். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவங்களை வாய்விட்டுச் சொல்வது), அவர் விதித்த அபராதம் தீர்த்தல்: ஐந்தும் வேண்டும். சாவான பாவம், அதாவது கனமான பாவம், என்றால் இன்னது, இத்தனை தடவை என்று சொல்லணும். மறந்துபோனது மன்னிக்கப்படும், நினைவு வந்ததும் அடுத்த முறை சொன்னால் போதும். வேண்டுமென்றே ஒன்றை மறைத்தால் சொன்ன மற்றவையும் வீண், எல்லாவற்றையும் திரும்பச் சொல்லணும். திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் அழுதால் அது மனஸ்தாபமே இல்லை. நீங்கள் இருவரும் யாரிடமும் வாய் திறக்காமலே வசன எண்ணில் சண்டை போடுகிறீர்கள்.

பெரோயன்:
யாக்கோபு 5:16 "ஒருவருக்கொருவர்" என்கிறது, குருவுக்கு என்றில்லை. நடுவில் நுழையாதீர்கள்.

பழையகோவில்:
'எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும்' என்ற யோவான் 20:23 யாருக்குச் சொன்னது? உங்கள் லூத்தரன்களே தங்கள் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை, 11ஆம் பிரிவில் தனிப் பாவமன்னிப்பை விட்டுவிடக்கூடாது என்றார்கள்.

பெரோயன்:
அதே பிரிவில் எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்வது தேவையில்லை என்றும் இருக்கிறதே, அதை ஏன் முழுங்கினீர்கள்? நான் லூத்தரனும் இல்லை.

கிருபைபோதும்:
ரெண்டு பேரும் நல்லா அடிச்சுக்கோங்க. ரோமர் 6:14, பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது. பாவக் கணக்கெழுதுறவனுக்கு விடுதலை ஏது? 1 யோவான் 1:3க்கு இன்னும் பதில் வரலை.

பெரோயன்:
1 யோவான் 2:21, நீங்கள் சத்தியத்தை அறிந்திருப்பதினால் எழுதினேன் என்கிறார். இதுவும் நாஸ்டிக்குக்கா? தசமபாகம் இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள். 2:12. 2:12. 2:12.

கிருபைபோதும்:
அந்த இழையில மட்டுறுத்துனர் யாரைப் பூட்டினாருன்னு எல்லாருக்கும் தெரியும். 1:3.

பழையகோவில்:
20:23க்கு இருவருமே வாய் திறக்கவில்லை.

பெரோயன்:
அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன். இங்கே 2:12.