கே.பி. சின்னத்திரைக்குப் போனது இறக்கமா?

ரீல்பெட்டி:
நேத்து ராத்திரி 'தண்ணீர் தண்ணீர்' மறுபடி பார்த்தேன். 1981-ல வந்த படம், இன்னைக்கும் தொண்டை வறண்டு போகுது. அப்படி ஒரு படம் எடுத்த இயக்குநர் கே. பாலசந்தர் (நம்ம கே.பி.), பத்து வருஷத்துல டிவி சீரியலுக்குப் போய் உட்கார்ந்துட்டாரேன்னு வயிறு எரியுது. 1978-ல மட்டும் 'நிழல் நிஜமாகிறது', 'மரோ சரித்ரா', 'தப்புத்தாளங்கள்'. அதே மனுஷன் 'டூயட்'டுக்கு (1994) அப்புறம் 2014-ல கண்ணை மூடுற வரைக்கும் இயக்கினது மூணே படம்: 'கல்கி', 'பார்த்தாலே பரவசம்', 'பொய்'. சீரியல் அவரைத் தின்னுடுச்சு. இது என் கட்சி, மறுக்கிறவங்க வரலாம்.

திண்ணைக்கச்சேரி:
வந்துட்டேன் சார். அவர் இறங்கலை, பொறந்த வீட்டுக்குத் திரும்பினார். பகல்ல ஏஜி ஆபீஸ் (அரசு கணக்குத் தணிக்கை ஆபீஸ்) உத்தியோகம், சாயங்காலம் நாடகம்னு இருந்தவர். 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்' எல்லாம் மேடையில கைதட்டு வாங்கின பிறகுதான் படமாச்சு. முதல்ல இயக்கின 'நீர்க்குமிழி' (1965) கதை ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளயே நடக்குது. நாலு சுவர், நாலு பேர், கூர்மையான வசனம். டிவிக்கு வேற என்ன வேணும்? 'இரு கோடுகள்'ல ஃபைல், லைஃப்னு சௌகார் ஜானகியும் ஜெயந்தியும் பேசிக்கிற சீனை இன்னைக்கு யாராவது எடுத்தா, சீரியல் மாதிரி இருக்குன்னுதான் சொல்வீங்க.

ரீல்பெட்டி:
நாடகம் ரெண்டரை மணி நேரத்துல முடியும். சீரியல் முடியவே முடியாது. கதையை அடக்கத் தெரிஞ்சவரை இழுக்க விட்டதுதான் என் வருத்தம்.

ஆண்டெனாதிருப்பி:
அவரோட 'ரயில் சிநேகம்' சீரியல் தூர்தர்ஷன்ல வந்தப்போ எங்க வீட்டு மாடியில ஆண்டெனாவைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். டைட்டில் பாட்டு மட்டும் காதுல விழும், படம் கீழே இருக்கிறவங்களுக்கு! அதை விடுங்க. அவர் இயக்கினதை மட்டும் ஏன் எண்றீங்க? 'மர்மதேசம்' சீரியல் எந்த நிறுவனத்தோடது? அவரோட மின்பிம்பங்கள். இயக்குநர் நாகாவை நம்பி விட்டார். தமிழ் டிவியில அதுக்கு முன்னாடி அப்படி ஒரு ஒளிப்பதிவையும் சத்தத்தையும் நான் பார்த்ததில்லை. 'ரமணி வெர்சஸ் ரமணி'யும் அங்கிருந்துதான். சினிமாவுல ரஜினியை அறிமுகப்படுத்தினதைச் சொல்லிச் சொல்லித் தேஞ்சாச்சு, இதை ஒருத்தரும் சொல்றதில்லை.

கவிதாவின் தங்கச்சி:
ரெண்டு கட்சியும் முக்கியமானதை விட்டுட்டீங்க. இன்னைக்கு சீரியல்ல குடும்பத்துக்காகத் தேயற பொண்ணு எங்கிருந்து வந்தா? கே.பி. படத்துலேர்ந்துதான். 'அரங்கேற்றம்' லலிதா வீட்டுக்குச் சோறு போட உடம்பை விக்கிறா, கடைசியில பைத்தியமாகிறா. 'அவள் ஒரு தொடர்கதை' கவிதா தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கச்சிக்கு விட்டுட்டு மறுபடி ஆபீசுக்குக் கிளம்பறா. (என் பேர் அங்கிருந்து எடுத்ததுதான்.) 'மனதில் உறுதி வேண்டும்' நந்தினி, விட்டுட்டுப் போன புருஷனுக்கே கிட்னி குடுக்கிறா. முதல் ரெண்டு மணி நேரம் புரட்சி, கடைசிப் பத்து நிமிஷம் தியாகம். படத்துக்கே 'தொடர்கதை'ன்னு பேர் வெச்சவர் டிவிக்குப் போகாம எங்க போவார்?

திண்ணைக்கச்சேரி:
'அவர்கள்' படம் மறந்துபோச்சாம்மா? கடைசியில அனு எந்த ஆம்பளையையும் நம்பாம ரயில் ஏறுறா. கூடப் போறது யாரு? மாமியார்! 1977-ல இந்த முடிவை வேற யார் எழுதினாங்க?

கவிதாவின் தங்கச்சி:
ஒத்துக்கறேன், அது ஒண்ணு வைரம். ஆனா ஜனங்க கொண்டாடினது அனுவையா கவிதாவையா? அழற பொண்ணுக்குத்தான் கூட்டம் வந்துச்சு. அது அவருக்கும் தெரியும்.

ரீல்பெட்டி:
மின்பிம்பங்கள் விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன், ஆண்டெனா அண்ணே சொன்னது சரி. தயாரிப்பாளரா அவர் டிவிக்குக் குடுத்தது பெரிசு. ஆனா இயக்குநர்? 'சிந்து பைரவி'யில (1985) பாடகர் ஜே.கே.பி.க்குப் பெத்த குழந்தையை சிந்து, அவர் பொண்டாட்டி பைரவி கையில குடுத்துட்டுப் போறதோட படம் முடியுது. அதுக்கு மேல ஒரு வார்த்தை தேவையில்லை. 2003-ல 'சஹானா'ன்னு சீரியலா நீட்டினார் பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியலை.

கவிதாவின் தங்கச்சி:
அதை மட்டும் நான் அவர் பக்கம் நின்னு பேசுவேன். பெத்த குழந்தையைக் குடுத்துட்டுப் போனவ என்ன ஆனான்னு படத்துல யாரும் கேட்கலை. ஜே.கே.பி. பாட்டுக்குக் கச்சேரி பண்ணப் போயிட்டார். பதினெட்டு வருஷம் கழிச்சு எழுதினவரே திரும்ப வந்து கேட்டாரில்ல? நீங்க இழுவைன்னு சொல்றதை நான் பாக்கின்னு சொல்றேன்.

ரீல்பெட்டி:
இருந்தாலும் படத்துல நடிச்ச சிவகுமார் இல்லாத ஜே.கே.பி.யா?

ஆண்டெனாதிருப்பி:
தம்பி, அது வேற வழக்கு. தனித் திரி போடுங்க.